வைக்கோல் மாலுமி

எரிகிற தீவட்டியைத் தண்ணீர் வாளிக்குள் விட்டால் எழும் சத்தம் புதிதல்ல. சூடான வாணலியைக் குழாயடியில் காட்டினால் வருமே, அதே சீறல்தான். ஆனால் அன்று ஹால் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததால், ஏதோ ஒரு பிராணி கத்தியதுபோல் எனக்குக் கேட்டது.

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேடையில் என் மகள் ஜெயா, ஜிகினாக் கிரீடமும் இரவல் பட்டுப்புடவையுமாக இளவரசி முத்தொளி வேஷத்தில் நின்றாள். அவள் காலடியில், தோல் கவசம் மாட்டிய ஒரு வைக்கோல் மனிதன் கிடந்தான். அவள் தீவட்டியோடு குனிய வேண்டும், திரை விழ வேண்டும், நாடகம் முடிய வேண்டும்.

அவள் குனியவில்லை. தீவட்டியைக் கொண்டுபோய், ஆபத்துக்கென்று மேடையோரம் வைத்திருந்த வாளியில் முக்கினாள். பிறகு வைக்கோல் மனிதனை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். என் வலப்பக்கம், அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

வருஷம் இரண்டு ஆகப்போகிறது. இன்றைக்கும் வாணலியைக் குழாயடியில் வைக்கும்போது என் கை ஒரு கணம் நின்றுதான் போகிறது.

நான்கு கட்சிகள்

அப்போது ‘பனிநாகத் தீவு’ தொடர்கதையாக வந்துகொண்டிருந்தது. இந்தப் பத்திரிகையில் அல்ல, வேறொன்றில். ஆசிரியர் மன்னிக்கட்டும்.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழிவேலன் என்று ஒரு மாலுமி. இளவரசி முத்தொளிக்காக, மூடுபனிக்குள் வாழும் வெள்ளை நாகத்தைத் தேடிக் கப்பலில் போகிறான். கப்பல் உடைகிறது. மிச்சமாகக் கரை ஒதுங்குவது ஒடிந்த பாய்மரம் ஒன்று. அதில் அவனுடைய வாள், உறையோடு, இடைவாரால் மாட்டித் தொங்குகிறது. உடல் கிடைக்கவில்லை. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கதாசிரியர் மற்ற எல்லாரையும் பற்றி எழுதினார். அவனைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பத்திரிகை சென்னையிலிருந்து ரயிலில் வரும். அங்கே வெளியாகி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு. அதனால் மாட்டுங்காவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: ஊரிலிருந்து வருகிறவர், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், அந்த வாரக் கதையைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்ட ஒரு மாப்பிள்ளையோடு மாமனார் நான்கு நாள் பேசாமல் இருந்ததை நானறிவேன்.

பத்திரிகைக் கட்டைப் பிரிக்கும்போது ஸ்டேஷன் பக்கத்துப் புத்தகக் கடையில் கூட்டம் கூடும். அங்கேதான் கட்சிகள் பிரிந்தன. செத்துவிட்டான் என்று ஒரு கட்சி. அவனேதான் நாகமாக மாறிவிட்டான் என்று கடைக்காரர் கட்சி. உயிரோடு தீவில் சிறைப்பட்டிருக்கிறான், வர முடியாமல் இருக்கிறான் என்பது ஜெயா கட்சி. நான்காவது கட்சியில் ஒரே ஒருவர்தான். மீரான் பாய்.

மீரான் பாய்க்குத் தாராவியில் தோல் பட்டறை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் நான் பாடம் சொல்லும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் பெண்கள் படித்தார்கள். பட்டறையில் ஒருவர் கதையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் பெல்ட்டும் பையும் தைத்துக்கொண்டே கேட்பார்கள். முடிந்ததும் பாய் தீர்ப்புச் சொல்வார்.

“ஆளு ரெண்டு பேரு டீச்சர். ஒரே மூஞ்சி. ஒருத்தன் முங்கிட்டான், இன்னொருத்தன் நடந்து போய்ட்டான். இம்புட்டுத்தான் கத.”

“ரெட்டைப் பிள்ளைன்னு கதையில எங்க பாய் வரது?” என்று ஜெயா சண்டைக்குப் போவாள்.

“எழுதல. ஆனா யோசிச்சுப் பாருங்க. முதல் அத்தியாயத்துல கோவக்காரன். பொறவு மூணாவதுல பச்சப்புள்ள கணக்கா அழுதான். ஒரே ஆளுன்னா எப்படிம்மா ஒத்து வரும்?”

“ஒரே ஆள் கோவப்படவும் செய்வா, அழவும் செய்வா. நீங்க அழுததே இல்லையா?”

“எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. அவங்களும் ரெண்டு பேருன்னுதான் சொல்லுவாங்க.”

எல்லாரும் சிரிப்போம். ஜெயா மட்டும் சிரிக்க மாட்டாள். “வாள் உறையோட இருக்கு. மாட்டித் தொங்கறது. மூழ்கறவன் வாளைக் கழட்டி, வாரை முடிச்சுப் போட்டு மாட்டிட்டா மூழ்குவான்? அது ஒண்ணு போதும் அவன் உயிரோட இருக்கான்னு” என்பாள். ஒவ்வொரு வாரமும் அதே வாள், அதே வார்.

அது வெறும் கதைப் பைத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கிற பெண், பொழுது போகிறது என்று.

பித்தான் போட்ட குடை

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால் மற்றது புரியாது.

ஜெயா சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு மழைக்கால ஞாயிறன்று, அவர் கல்யாணில் இருந்த ஆபீஸ் சிநேகிதரைப் பார்க்கப் போனார். சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், மழை வலுப்பதற்குள் போகிறேன் என்று கிளம்பினார் என்று அந்தச் சிநேகிதர் சொன்னார். மழை முந்திக்கொண்டது. லோக்கல் ரயில் தாணாவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பம்பாய்க்காரர்களுக்குத் தெரியும், ரயில் நின்றால் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு இறங்கித் தண்டவாளத்தின் மேலேயே நடப்பார்கள். அவரும் நடந்தார். கழிமுகப் பாலம்வரை அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தவர்கள் இல்லை.

மறுநாள் ரயில்வே ஆட்கள் அவருடைய குடையைக் கொடுத்தார்கள். கைப்பிடியில் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. பாலத்தின் கம்பியில் மாட்டித் தொங்கியதாம். மடித்து, பட்டையைச் சுற்றி, பித்தான் போட்டு.

கொட்டுகிற மழையில் மடித்த குடை.

போலீஸ், ஆஸ்பத்திரி, சவக்கிடங்கு என்று அவருடைய அண்ணாவும் நானும் அலைந்தோம். உடல் கிடைக்கவில்லை. பிறகு வாழ வேண்டியிருந்தது. டிரெயினிங் முடித்து டீச்சரானேன்.

நான் யார் என்பதுதான் ஊருக்குக் குழப்பமாக இருந்தது. எனக்கும்தான். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டேன், ஆனால் சின்னதாக. மேல்மாடியில் இருந்த மராத்தி அம்மாள், சுமங்கலிகளை அழைத்துச் செய்யும் ஹல்தி-குங்குமத்துக்கு என்னைக் கூப்பிடலாமா, கூடாதா என்று தவித்துப்போய், ஒவ்வொரு வருஷமும் தேங்காயை ஜெயாவிடம் கொடுத்தனுப்பினாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். நேரில் கூப்பிட்டிருந்தால் போவதா வேண்டாமா என்று எனக்கும் தெரிந்திருக்காது.

ஒன்று சொல்கிறேன். இதை எழுதும்போதும் பேனா தயங்குகிறது. அவர் இறந்துவிட்டார் என்றால் எனக்கு அழத் தெரியும். உயிரோடு இருக்கிறார் என்றால், பித்தானைப் போட்டு, குடையைக் கம்பியில் மாட்டிவிட்டு எங்களை விட்டுப் போயிருக்கிறார் என்றாகிறது. என் மகள் அந்த மாலுமியைச் சாகவிடாமல் வாரா வாரம் வாதாடியபோது, நான் ரசம் தாளித்துக்கொண்டே, மனசுக்குள் செத்தவன் கட்சியில் இருந்தேன்.

ராஜகோபாலின் முடிவு

எங்கள் சபா செயலாளர் ராஜகோபாலுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. அந்த வருஷ நாடகத்துக்குப் ‘பனிநாகத் தீவை’ எடுத்துக்கொண்டார். மாட்டுங்காவே கொதித்தது. கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி நாடகம்?

“தொடர்கதை முடியறவரைக்கும் காத்திருந்தா எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்” என்றார் அவர். “ரெண்டரை மணி நேரத்துல ஹாலைக் காலி பண்ணணும். அப்புறம் யாரோ ரிசப்ஷனுக்கு வாங்கியிருக்கா. மாலுமியை நானே முடிச்சு வச்சுடறேன்.”

புகார்கள் பொழிந்தன. நாகத்துக்கு ஏன் இரண்டு தலை? சாக்குத் துணிக்குள் இரண்டு பேர் நுழைய வேண்டியிருந்ததால். மந்திரவாதி ஏன் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான்? கண்ணாடி இல்லாவிட்டால் மேடையிலிருந்து விழுந்துவிடுவார். கப்பல் உடையும் காட்சி எங்கே? அதை ஒரு தூதுவன் வந்து வாயால் சொல்லிவிடுவான். “வாயால சொல்றதுக்கு வீட்டுலயே உக்காந்து படிச்சுக்க மாட்டோமா?” என்று புத்தகக் கடைக்காரர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஜெயாவுக்கு முத்தொளி வேஷம். மீரான் பாய் தோல் கவசம் செய்து தந்தார். வாடகை வேண்டாம், முதல் வரிசையில் இடம் போதும் என்றார்.

இதற்கிடையில்தான் ஜெயாவின் பெரியப்பா, என் வீட்டுக்காரரின் அண்ணா, சேம்பூரிலிருந்து வந்தார். நல்ல வரன் ஒன்று, அவர்கள் காலனியிலேயே. நாடகத்துக்கு அழைத்து வருகிறேன், பெண்ணை அப்படியே தூர இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மாட்டுங்காவில் இது சகஜம். கோவிலிலும் சபாவிலும் பாதிப் பேர் கச்சேரி பார்க்கிறார்கள், பாதிப் பேர் பெண் பார்க்கிறார்கள்.

ஆனால் அவர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயரை எப்படிப் போடுவது? கன்னிகாதானம் யார் செய்வது?

“இங்க பாரும்மா, காணாமப் போனவாளுக்குப் பன்னெண்டு வருஷம் காத்திருக்கணும்பா. வாஸ்தவம்தான். ஆனா பொண்ணு காத்திருக்க முடியுமா? சாஸ்திரிகள்ட்ட கேட்டுட்டேன். தர்ப்பையில பண்ணிடலாம்கறார். பண்ணி முடிச்சுட்டா, வருஷத்துக்குள்ள நானே தாரை வார்த்துக் குடுத்துடுவேன்.”

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் கட்டி, அதை அவராகவே பாவித்து, அதற்கு நெருப்பு வைப்பார்கள். அதன்பிறகு குழப்பம் கிடையாது. அவர் போனவர், நான் கைம்பெண்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. ஜெயா உள்ளே வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வசனம் சட்டென்று நின்றது எனக்குக் கேட்டது. அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரியப்பா மின்சார ரயிலில் ராஜகோபாலோடு போகிறவர். பேச்சுவாக்கில் இந்தத் தர்ப்பை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ராஜகோபால் நாடகத்துக்கு முடிவு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷர். “உங்காத்து விஷயம்னு எனக்குத் தோணவே இல்லை மாமி, நல்ல கிளைமாக்ஸ்னுதான் தோணித்து” என்று பிறகு என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது நினைத்ததைத்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன். கடைசிக் காட்சிக்கு ஒத்திகைகூட வைக்கவில்லை. “தீவட்டியோட குனி, திரையைப் போட்டுடுவோம். அவ்ளோதான்” என்று ஜெயாவிடம் சொல்லியிருந்தார்.

“நீங்க பாத்தேளா?”

இரண்டு தலை நாகம் வந்தது, குழந்தைகள் சிரித்தார்கள். மந்திரவாதியின் கண்ணாடி ஆவி படிந்து, அவர் தூணோடு பேசினார். மீரான் பாய் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும், “கதையில இப்படி இல்லவே!” என்று புகார் கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் சாய்ந்து, “பொண்ணுக்கு உச்சரிப்பு சுத்தமா இருக்கே, பம்பாய்ல வளந்தும்” என்றாள். எனக்கு மனசு குளிர்ந்தது.

கடைசிக் காட்சி. அரண்மனைக் குரு வந்து, “ஆழிவேலன் மாண்டான். உடல் கிட்டாமையால் புல்லுருவம் செய்தோம். இளவரசி, நெருப்பிடுக” என்றார். நான்கு பேர் வைக்கோல் உருவத்தைக் கொண்டு வந்து கிடத்தினார்கள்.

என் கையிலிருந்த விசிறி நின்றது. திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் முகமும் வெளுத்திருந்தது. அவருக்கும் தெரியாது.

ஜெயா தீவட்டியோடு நின்றாள். நேரம் போயிற்று. திரையிழுப்பவர் கயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். ராஜகோபால் திரைமறைவிலிருந்து, “குனி, குனி” என்றது முன்வரிசைகளுக்கெல்லாம் கேட்டது.

“அவர் மாண்டதைக் கண்டவர் யார்?” என்றாள் ஜெயா. நாடகத் தமிழ்தான். ஆனால் அந்த வசனம் நாடகத்தில் இல்லை.

குரு வேஷக்காரர் விழித்தார். “ஊர் சொல்கிறது” என்று ஏதோ சமாளித்தார்.

“ஊர் பாத்துதா?” குரல் மாறிவிட்டது, எங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்கிற குரல். அவள் எங்களைப் பார்த்தாள். “யாராவது பாத்தேளா? நீங்க பாத்தேளா?”

பெரியப்பாவைத்தான் கேட்டாள். அறுபதை நெருங்குகிற மனுஷர், அத்தனை பேருக்கு நடுவில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் தலையை ஆட்டினார். இல்லை என்று.

“யாரும் பாக்கலம்மா!” முதல் வரிசையில் மீரான் பாய் எழுந்து நின்றுவிட்டார். “கதையிலயும் பாக்கல! வாள் உறையோடல்லா கெடக்கு!”

ஹால் ஆர்ப்பரித்தது. உயிரோடிருக்கிறான் கட்சி மொத்தமும் எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டல் அடங்கி, எல்லாரும் அடுத்து என்ன என்று மூச்சைப் பிடித்தபோதுதான் அந்தச் சீறல் கேட்டது.

இளவரசி எந்தப் பக்கம் போனாள்?

நான் வெளியே ஓடிவந்தபோது தெருவில் அவள் இல்லை. மீரான் பாய் என் பின்னாலேயே வந்தார். “பதறாதீங்க டீச்சர். கிரீடத்தோட போற பிள்ள எங்க ஒளியும்?”

பூக்காரியைக் கேட்டோம். ஒரு ராணி, கக்கத்தில் புருஷனை இடுக்கிக்கொண்டு போனாள் என்று சிரித்தாள். பேல்பூரிக்காரனைப் பாய் ஹிந்தியில் விசாரித்தார். “நாடகக் கம்பெனிப் பொண்ணா? ஸ்டேஷன் பக்கம்” என்று கரண்டியை நீட்டினான்.

ஸ்டேஷன் என்றதும் எனக்குத் தண்டவாளத்தைத் தவிர வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். தடித்த மனுஷர். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கல்யாண் போகிற வண்டிகள் நிற்கும் பிளாட்பாரத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வைக்கோல் மனிதனையும் உட்கார வைத்திருந்தாள். கூடைக்காரி ஒருத்தி அவனுக்கும் இடம் விட்டு ஓரமாகத் தரையில் குந்தியிருந்தாள்.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தார். ஜெயாவைப் பார்த்தார், தன் கவசத்தைப் பார்த்தார். “நான் டீ வாங்கிட்டு வாரேன்” என்று போய்விட்டார்.

நான் வைக்கோல் மனிதனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

“எங்கடி கிளம்பிட்டே?”

“அந்தப் பாலத்துக்கு. நான் அதைப் பாத்ததே இல்லை. நீ கூட்டிண்டு போனதே இல்லை.”

“டிக்கெட்?”

“பிடிச்சா இளவரசின்னு சொல்லிக்கறேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை அறைய வேண்டும்போலும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஏன் அப்போது அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. “ஜெயா, அந்தக் குடை மடிச்சிருந்தது. பித்தான் போட்டிருந்தது” என்றேன். அத்தனை வருஷமாக அவளிடம் மறைத்த ஒன்று அதுதான்.

“தெரியும்.”

“எப்படி?”

“பீரோல தானே இருக்கு? நீ இன்னும் பித்தானைக் கழட்டவே இல்லையே.” வைக்கோலில் ஒரு துரும்பை உருவிக்கொண்டே சொன்னாள். “பாலத்துல காத்து அடிக்கும்மா. குடையை விரிச்சா ஆளைத் தள்ளிடும். அதனால மடிச்சிருப்பார். கை ரெண்டும் கம்பியைப் பிடிக்க வேணும். அதனால மாட்டியிருப்பார். அவ்ளோதான். உன்னை விட்டுட்டுப் போறவா குடையையா விட்டுட்டுப் போவா?”

நான் பயந்ததை அவள் வாயால் கேட்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

“அப்போ,” என்றேன், “கம்பியைப் பிடிச்சுண்டு நடந்தவர், குடையைத் திரும்ப எடுத்துக்கலையே. அப்போ...”

அவள் துரும்பைக் கீழே போட்டாள். தன் வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒரே குடைதான். அதை அவள் பக்கமிருந்து பார்த்தால் அவர் எங்களை விடவில்லை, ஆனால் தண்ணீரில் போய்விட்டார். என் பக்கமிருந்து பார்த்தால் உயிரோடு இருக்கிறார், ஆனால் எங்களை விட்டுவிட்டார்.

கல்யாண் லோக்கல் வந்து நின்றது. நான் எழுந்தேன். “வா, போகலாம். பாத்துட்டு வந்துடலாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. “இப்போ வேண்டாம்மா. இருட்டிடும்.”

வண்டி போய்விட்டது. பாய் மூன்று டீயோடு வந்தார். வைக்கோல் மனிதனை யார் எங்கே கொண்டுபோவது என்று பிறகு பிரச்சினை வந்தது. வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது; ஹாலுக்குத் திரும்பக் கொண்டுபோனால் ராஜகோபால் கொளுத்திவிடுவார். பாயே தோளில் போட்டுக்கொண்டு தாராவிக்கு நடந்தார். இன்னும் அவர் பட்டறை வாசலில், கவசம் மாட்டி, கடைக்கு விளம்பரமாக அவன் நிற்கிறான். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.

கதை திரும்பியது

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்கையில், பெரியப்பாவிடம் அந்த அம்மாளே சொல்லியனுப்பினாள்: பெண் நடிப்பு பிரமாதம், அந்த முடிவைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. எல்லாம் நாடகம் என்று நினைத்திருக்கிறார்கள்! மாட்டுங்கா முழுவதும் அப்படித்தான். தொடர்கதையைவிட ராஜகோபாலின் முடிவே மேல் என்று புத்தகக் கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் மாலையும் கழுத்துமாக இரண்டு வாரம் திரிந்தார்.

ஆக, சம்பந்தம் உடையவில்லை. ஒரே நிபந்தனை. கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் தர்ப்பைக் காரியத்தை முடித்துவிட வேண்டும். பெரியப்பா நாள் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த முறை உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று சொன்னார். “அவன் எனக்குத் தம்பி. உனக்கு ஆத்துக்காரர் மட்டும் இல்லை அவன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு.”

அந்தச் சனிக்கிழமை கட்டு பிரித்தபோது, ஆழிவேலன் வந்துவிட்டான்.

அத்தியாயத்தின் கடைசி வரியில் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறான். கடையில் சர்க்கரை வழங்கினார்கள். உயிரோடிருக்கிறான் கட்சிக்காரர்கள் எங்கள் பில்டிங்கின் கீழ் நின்று ஜெயாவைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். மீரான் பாய் மட்டும் அசையவில்லை. “வந்திருக்கவன் தம்பிக்காரன். அசல் ஆளு முங்கிட்டான். போகப் போகப் பாருங்க” என்றாராம்.

ஜெயா பத்திரிகையோடு மாடியேறி வந்தாள். வீட்டு வாசலில் உள்ள கேலரியில் நின்றபடி முதலிலிருந்து மறுபடி படித்தாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

“என்னடி, உன் கட்சிதானே ஜெயிச்சுது?”

“இத்தனை நாள் எங்க இருந்தான்னு ஒரு வார்த்தை எழுதலைம்மா.” பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். “வரான். அவ பூவைத் தூவறா. எல்லாரும் அழறா. எங்கடா இருந்தேன்னு ஒருத்தர் கேக்கலை. சிறையும் இல்லை, சங்கிலியும் இல்லை. சட்டைகூடக் கிழியலை. நன்னாத்தான் இருந்திருக்கான்.” கொஞ்சம் நிறுத்தி, “இதுக்குச் செத்தே...” என்று ஆரம்பித்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தபோது சொன்னாள்: “பெரியப்பாகிட்ட சரின்னுடும்மா. பண்ணிடலாம்.”

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அவளே சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன்.

“வேண்டாம்” என்றேன்.

அவளைவிட நான்தான் அதிகம் திகைத்தேன் என்று நினைக்கிறேன்.

“ஏன்? நீதானே அப்பா இல்லைன்னு...”

“புல்லுக்கு நெருப்பு வச்சுட்டா, எங்க இருந்தேள்னு அப்புறம் யாரைக் கேக்கறது?”

இதனால் அந்தச் சம்பந்தம் போயிற்று. கௌரவமாகத்தான் போயிற்று, யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா மூன்று மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு வந்தார். ஜெயா இப்போது ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறாள். நான் செய்தது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. வேறு வரன்கள் வருகின்றன, அதே கேள்வியோடு. ஒவ்வொன்றுக்கும் நான் படுக்கையில் புரள்கிறேன்.

அன்று அரிசி களைந்த கையோடு நான் நின்றபோது, ஜெயா என்னையே வெகுநேரம் பார்த்தாள்.

“அப்போ நீ என் கட்சியா?”

“இல்லை.”

“பெரியப்பா கட்சியா?”

“இல்லை.”

“பின்னே? மீரான் பாய் கட்சியா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குப் பாலத்தில் கால் தவறிய ஒருவரும், பித்தானைப் போட்டுவிட்டு மெதுவாக நடந்த ஒருவரும், ஒரே முகத்தோடு தெரிந்தார்கள். இரண்டு பேருக்கும் நான்தான் இத்தனை வருஷமாகச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாம்” என்றேன்.